கூடாரமும் பச்சைப்பயறும்

மழை பெய்தால் பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுப்பது என்று போன மாதமே யோசித்து, ஊனோ சீட்டு, குறுக்கெழுத்து அச்சடித்த தாள்கள், இரண்டு படம் இறக்கி வைத்த டேப்லட் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டியிருந்தேன். அந்தப் பைதான் முதலில் நனைந்தது.

சிங்கப்பூரில் கடலோரம் இருக்கும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கூடாரம் போட பெர்மிட் எடுக்க வேண்டும். காசு கிடையாது, ஆனால் ஜூன் பள்ளி விடுமுறையில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தது இரண்டு இரவு. நான், மனைவி, பதினொரு வயது மகன், ஏழு வயது மகள், கூடவே அம்மா. "கட்டாந்தரையில படுக்க உங்களால முடியாதும்மா" என்று சொல்லிப் பார்த்தேன். "நான் படுக்காத தரையாடா?" என்றவர், கைப்பையைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போய் லிஃப்ட் வாசலில் நின்றார்.

முதல் இரவு அருமை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

விடிகாலை நாலரைக்குக் காற்று வந்தது. இந்த மாதங்களில் மலாக்கா நீரிணைப் பக்கம் கிளம்பி, விடியும் முன்னே மேற்கிலிருந்து வந்து அறையும் சுமத்ரா காற்று. இங்கே பிறந்து வளர்ந்தவன், ஜூனில் அது வரும் என்று தெரியாதவன் இல்லை. ஆனால் கடலைப் பார்த்தபடி கூடாரத்தைப் போட்டு, மேற்குப் பக்கம் இரண்டே இரண்டு ஆணி அடித்திருந்தேன். இரண்டும் பிடுங்கிக்கொண்டன. கூடாரத் துணி என் முகத்தில் ஒட்டிக்கொண்டது. அடுத்து ஒரு கம்பு வளைந்தது. மகள் சிரித்தாள், மகன் கத்தினான், மனைவி "ஏங்க, ஆணி அடிச்சீங்களா இல்லையா" என்றாள். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது!

மின்னல் என்றால் நான் விளையாட மாட்டேன். விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை எனக்கு. மின்னல் எச்சரிக்கை வந்துவிட்டால் விமானம் காத்திருந்தாலும் திறந்தவெளியில் ஒருவர் நிற்கக் கூடாது, எல்லாரும் உள்ளே. கூடாரமும் திறந்தவெளிக் கணக்குதான், மரத்தடி அதைவிட மோசம். அதனால் ஐந்து பேரும் கழிப்பறைக் கட்டடத்துக்குள் ஓடினோம். எங்களுக்கு முன்பே அங்கே மூன்று குடும்பங்கள். ஒரு மலாய் அம்மா ஃபிளாஸ்கிலிருந்து மைலோ ஊற்றிப் பிள்ளைகளுக்கு நீட்டினார். எங்கள் டேப்லட் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

அங்கே தொடங்கியதுதான் முதல் விளையாட்டு. மின்னல் அடித்ததும் எண்ண வேண்டும். இடி கேட்டதும் நிறுத்தி, எண்ணியதை மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் தூரம் என்று தெரிந்துவிடும். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று விநாடி ஆகிறது, அவ்வளவுதான். முதலில் மூன்று. பிறகு இரண்டு. அந்த இரண்டில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம். அடுத்து ஆறு, பதினொன்று, இருபது. வகுத்தல் கணக்கென்றால் வயிற்றுவலி வரும் என் மகன், பக்கத்துக் குடும்பத்துப் பையன்களுக்கும் சேர்த்து வகுத்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

காற்று ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிட்டது. மழை மட்டும் மதியம் வரை விடவில்லை. வளைந்த கம்பை டேப் சுற்றி நிமிர்த்தி, பக்கத்தில் இருந்த கூரைக் குடிலில் ஜாகையை மாற்றினோம். நனைந்த சீட்டுக் கட்டு அப்பளம் மாதிரி ஒட்டிக் கிடந்தது. "போர் அடிக்குது" என்று மகள் மூன்றாவது முறை சொன்னபோது அம்மா கைப்பையைத் திறந்தார். கோடாலித் தைலம், பழைய பஸ் கார்டு, ஊசி நூல். காலையில் கஞ்சி வைக்க மனைவி கொண்டுவந்திருந்த பச்சைப்பயறை வாங்கிக்கொண்டார். என் பழைய டீ-சட்டை ஒன்றைக் கேட்காமலே கிழித்தார்.

அஞ்சாங்கல். கடையில் அச்சு வார்த்த மாதிரிக் கிடைக்கிறதே, அது இல்லை. துணியைச் சின்னச் சதுரமாக வெட்டி, இரண்டாக மடித்து, இரு பக்கம் தைத்து, ஒரு சின்னக் கைப்பிடி பயறு போட்டு, திறந்த வாயைக் குறுக்காகத் திருப்பித் தைத்தால் முக்கோணமாக உட்காரும். ரொம்ப நிரப்பினால் உருண்டு ஓடும், குறைத்தால் கையில் நிற்காது. அம்மா ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் தூக்கிப் பார்த்து நான்கு பயறு எடுத்தார், இரண்டு சேர்த்தார். ஒன்றை மேலே வீசி, அது இறங்குவதற்குள் கீழே கிடப்பதை ஒவ்வொன்றாக, பிறகு இரண்டிரண்டாக அள்ள வேண்டும். எழுபது வயது தாண்டிய கை அது. என் மகன் ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை.

ஆடிக்கொண்டே கடலைக் காட்டி, "நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப இந்த இடத்துல நின்னா காலு எட்டியிருக்காது" என்றார். பக்கத்து வட்டாரமான காத்தோங்கில் ஒரு பங்களாவில் என் தாத்தா தோட்டக்காரர். பின்பக்கப் படியில் இறங்கினால் கடலாம். 1966ல் கடலைத் தூர்க்க மண் கொட்ட ஆரம்பித்தார்கள், கடல் தள்ளித் தள்ளிப் போய்விட்டது.

"எங்கேருந்து மண்ணு பாட்டி?"

"பிடோக் பக்கம் இருந்த மேட்டையெல்லாம் வெட்டி, பெல்ட்டுல கொண்டாந்து கொட்டுனாங்க."

நாங்கள் இருப்பது பிடோக்கில்தான். மகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் விரலால் ஈர மண்ணைக் கிளறிப் பார்த்தாள். "அப்போ இது நம்ம வீட்டு மண்ணா?" அம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் இரண்டாவது சுற்றில் இருந்தார்.

மழை தூறலானதும் கப்பல்கள் தெரிந்தன. மகன்தான் கவனித்தான், நங்கூரம் போட்ட அத்தனையும் ஒரே பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றன. சரக்கு இறக்கியவை உயரமாக, அடியில் சிவப்புச் சாயம் தெரிய மிதக்கும், ஏற்றியவை அமுங்கிக் கிடக்கும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். குறுக்கெழுத்துத் தாளின் பின்பக்கத்தில் பதினேழு கப்பல் வரைந்தான். அச்சடித்ததற்கு அந்த ஒரு பயன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் நீரோட்டம் மாறி, பதினேழும் திரும்பி நின்றன. யாரோ ஏமாற்றிவிட்டது போல அவன் தாளையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தாளைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டான்.

இரண்டாம் இரவு தங்கினோம். மேற்கே ஆறு ஆணி. சொட்டு மழை இல்லை.

வீட்டுக்கு வந்து ஈரப் பையை அப்படியே ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டேன், அது என் தப்பு. நான்காம் நாள் ஒரு வாடை. திறந்தால் ஐந்து முக்கோணங்களும் தையல் இடுக்கு வழியே வெள்ளை வால் நீட்டியிருந்தன. தூக்கி எறியப் போனவனை மகள் தடுத்துவிட்டாள். இப்போது ஒன்று மட்டும் சமையலறை ஜன்னலில், தயிர் டப்பாவுக்குள், என் டீ-சட்டையைக் கிழித்துக்கொண்டு இரண்டு இலை விட்டிருக்கிறது. மீதி நான்கை அம்மா பிரித்துக் கழுவிக் காயப்போட்டிருக்கிறார். இந்தத் தடவை அரிசி போடப் போகிறாராம்.