கடைசியில் நிரப்ப வேண்டிய இரண்டு கட்டங்கள்

சிற்பம் பதிவு செய்யும் தாளில் இடம், அளவு, காலம், மதம், மரபு என்று கட்டங்கள் இருக்கும். மதமும் மரபும் கடைசிவரை காலியாகவே கிடக்கட்டும். கலை வரலாற்று வேலையில் பெரும்பிழைகள் அவற்றை முதலில் நிரப்புவதால்தான் வருகின்றன.

காட்பாடி வட்டத்து வள்ளிமலை, ஊரார்க்கு முருகன் வள்ளியை மணந்த மலை. அங்கே பாறையில் செதுக்கியிருப்பதோ தீர்த்தங்கரர்களை, அதாவது சமண மதத்தின் அருகர்களை. கல்வெட்டு கன்னட மொழியில்; கர்நாடகப் பகுதியை ஆண்ட கங்க மரபு மன்னன் ராஜமல்லன் பெயர் வருகிறது, 9ஆம் நூற்றாண்டு. ‘தமிழ்க் கலை’ என்று எழுதினால் கல்வெட்டு இடிக்கும், ‘கன்னடக் கலை’ என்றால் மலையே இடிக்கும். இன்றைய மாநில எல்லையை அந்தப் பாறையில் தேடுவது வீண்.

முதலில் முழுப் பாறையையும் அளவுகோலோடு படமெடுக்க வேண்டும். பிறகு உருவம் உருவமாக. நேராக ஃபிளாஷ் அடித்தால் புடைப்புச் சிற்பம் படத்தில் தட்டையாகிவிடும். டார்ச்சைப் பக்கவாட்டில், பாறையை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த கோடும் எழுந்து நிற்கும். எழுத்தில் சாக்பீஸ் தடவவே கூடாது. நாம் தப்பாகப் படித்திருந்தால், அந்தத் தப்பே அடுத்து வருபவர் கண்ணுக்கும் எழுத்தாகத் தெரியும்.

அமர்ந்த உருவத்தைக் கண்டதும் புத்தர் என்று எழுதிவிடுகிறார்கள். மார்பில் சீவரத்தின், அதாவது பௌத்தத் துறவியின் ஆடையின், மடிப்புக்கோடு இருக்கிறதா, தலைக்கு மேல் முக்குடை (மூன்றடுக்குக் குடை) இருக்கிறதா என்று பாருங்கள். ஆடையில்லாமல் முக்குடை இருந்தால் தீர்த்தங்கரர். சிங்கத்தோடு பெண் உருவம் என்றால் உடனே துர்க்கை ஆகிவிடாது. குழந்தையும் மாங்கொத்தும் சேர்ந்திருந்தால் சமணர் வணங்கும் பெண் தெய்வமான அம்பிகை இயக்கி. எண்ணெய்ப் பிசுக்கும் பெயின்டும் ஏறிய இடத்தில் இந்த அடையாளங்கள்தான் முதலில் மறையும்.

வேலூர்க் கோட்டையில் சிக்கல் வேறு. கோயில், மசூதி, தேவாலயம் மூன்றையும் சேர்த்து மத ஒற்றுமையின் சின்னம் என்கிறோம். மனதுக்குப் பிடித்த பார்வைதான். ஆனால் அது நம் காலத்துப் பார்வை. மூன்றும் அந்த எண்ணத்தோடு எழுந்தவை அல்ல. தேவாலயம் 1846இல் கட்டியது. ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தில் குதிரையும் யாளியும் பாயும் தூண்கள் விஜயநகர பாணி, 16ஆம் நூற்றாண்டு. கருவறையோ நெடுங்காலம் வெறுமையாகக் கிடந்து, 1981இல்தான் லிங்கம் மீண்டும் அமர்ந்தது. தாளில் ‘காலம்’ என்ற கட்டத்தில் ஓர் ஆண்டு மட்டும் போதாது: செதுக்கியது, வழிபாடு நின்றது, திரும்பியது என்று தனித்தனி வரி வேண்டும்.