ஏழாவது ஆடு

அயிங்கர் செலிப்ரேட்டர் என்ற ஜெர்மன் 'பொக்' வகை பீர் பாட்டிலின் கழுத்தில் ஒரு குட்டி வெள்ளை பிளாஸ்டிக் ஆடு தொங்கும். இன்று மாலை மூடியைத் திறந்ததும் அதைக் கழற்றிச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டேன். இது ஏழாவது. மந்தையே சேர்ந்துவிட்டது.

பீருக்கும் ஆட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஒன்றும் இல்லை. வட ஜெர்மனியின் ஐன்பெக் ஊர்ச் சரக்கு, தெற்கே பவேரியாவின் மியூனிக்குக்கு வந்தது. பவேரியக்காரர்கள் வாயில் ஊர்ப்பெயர் திரிந்து 'ஐன் பொக்' ஆனது என்பார்கள். அப்படியென்றால் 'ஒரு கிடா'. இந்த வகை பீருக்கு 'பொக்' என்ற பெயர் அப்படித்தான். சும்மா விடுவார்களா? லேபிளிலும் கிடாவை ஏற்றிவிட்டார்கள்.

செலிப்ரேட்டர் கருப்பாக இருக்கிறதே, கசக்குமோ என்று பயப்பட வேண்டாம். ரொட்டியின் முறுகிய ஓரம், கருகத் தொடங்கும் சர்க்கரைப் பாகு, கொஞ்சம் உலர்ந்த அத்திப்பழம். ஆனால் ஆல்கஹால் 6.7 சதவீதம், மெதுவாகத்தான்.

முதல்முறை என்றால் வெளிர் நிற மாய்பொக்கில் தொடங்குங்கள். அப்புறம் பவுலானர் சால்வேட்டர். நோன்பு நாட்களில் துறவிகளுக்குச் சாப்பாடாக இருந்த வகை. கோதுமை பீர் பிடிக்குமா? ஷ்னைடர் அவென்டினஸ், 8.2 சதவீதம்.

பீரை உறையவைத்து, பனிக்கட்டியை நீக்கிச் செறிவாக்கும் ஐஸ்பொக் மட்டும் கடைசியில். சின்னக் கிளாஸில், சாப்பிட்ட பிறகு.

எதுவானாலும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வையுங்கள். ஜில்லென்று குடித்தால் வாசனையே தெரியாது.

எட்டாவது ஆடு இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது.