கறுப்பு சரியாக விழுந்தால்தான் குரோம்

மூன்று வாரமாக இழுத்த வேலை இன்று முடிந்தது. ஆறு அங்குல ரோபோ பொம்மை, தலை முதல் கால் வரை கண்ணாடி போல மின்னும் குரோம் பெயிண்ட். கிட்டே போய்ப் பார்த்தால் அதன் நெஞ்சில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி தெரிகிறது!

முதல் தடவை கெட்டுப்போனது. கும்பகோணத்தில் ஐப்பசி அடைமழை, கொடியில் போட்ட துணியே காயவில்லை. அந்த ஈரக்காற்றில், குரோமுக்கு அடியில் பூசும் கறுப்பு லாக்கரை (சட்டென்று காயும் பெயிண்ட்) அடித்ததும் பாலாடை போல வெளுத்துவிட்டது. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துவிட்டு வெயிலுக்குக் காத்திருந்தேன்.

குரோம் பெயிண்டில் இருப்பது நுண்ணிய உலோகத் துகள். அடியில் கறுப்பு கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தால்தான் அது படிந்து வெளிச்சத்தைத் திருப்பும். ஒரு தூசி இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். பெயிண்டைக் காற்றால் தூவும் ஏர்பிரஷ்ஷுக்கு 12 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். பனி விழுவது போல மெல்லிசாக, விட்டு விட்டு அடிக்க வேண்டும். கறுப்பு சாம்பலாகி, சாம்பல் சட்டென்று வெள்ளியாகும் நொடி இருக்கிறதே, அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் வெறும் அலுமினியப் பெயிண்ட்தான்.

அம்மா வந்து பார்த்தார். "புது எவர்சில்வர் சொம்பு மாதிரி இருக்குடா, தொடலாமா?"

இப்ப வேண்டாம்மா, ரேகை விழுந்துடும்.