பிராஞ்ச்சில் சறுக்கி அரியர் வைத்த கதை

நேற்று ரிசல்ட். மல்டிமீடியா நெட்வொர்க் பேப்பர், இரண்டாவது தடவையில் பாஸ். முதல் தடவை கோட்டை விட்டது ஒரே கேள்வியில்தான்: சிப்பில் (SIP, இன்டர்நெட் வழியாகப் போன் அழைப்பை ஏற்படுத்தும் விதிமுறை) வருகிற செய்தி எந்த டிரான்சாக்‌ஷனைச் சேர்ந்தது என்று எப்படித் தெரியும்? டிரான்சாக்‌ஷன் என்றால் ஒரு கோரிக்கையும் அதற்கு வரும் பதில்களும். கால்-ஐடியை (அழைப்புக்குக் கொடுக்கும் அடையாளக் குறி) வைத்து என்று இரண்டு பக்கம் எழுதித் தள்ளினேன். கால்-ஐடியும், இரு முனைகளும் போடும் இரண்டு டேக்கும் அடையாளம் காட்டுவது டயலாக்கை, அதாவது அந்த இரு முனைகளுக்கு இடையிலான முழுத் தொடர்பை. ஒரு டயலாக்குக்குள் எத்தனையோ டிரான்சாக்‌ஷன் ஓடும். நோட்ஸில் இரண்டும் ஒரே பத்தியில் குழம்பிக் கிடந்தன, அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

சரி என்று நோட்ஸை மூடிவிட்டு, மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குப் போய்வரும் பஸ்ஸில் சிப்பின் விதிகளைச் சொல்லும் ஆவணமான ஆர்எஃப்சி 3261-இன் 17ஆம் பகுதியை மட்டும் போனில் படித்தேன். தவளக்குப்பம் வரைக்கும் நின்றபடிதான். பாதி புரிந்தது. எனக்குக் கையால் செய்தால்தான் ஏறும்.

ஒரு ஞாயிறு, நெட்வொர்க்கில் போகும் செய்திகளைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து வைத்து, லேப்டாப்பிலிருந்து அம்மா போனுக்கு வீட்டு வைஃபையிலேயே லின்ஃபோன் ஆப்பில் அழைத்தேன். மணி அடித்ததும் கட் செய்தேன். இன்வைட் (அழைப்புக் கோரிக்கை), 100 (முயல்கிறேன்), 180 (மணி அடிக்கிறது), கேன்சல், அதற்கு 200 (சரி), அப்புறம் 487 (கோரிக்கை நிறுத்தப்பட்டது), ஏசிகே (பதில் கிடைத்தது). ஏழு செய்தியிலும் பிராஞ்ச் (செய்தி வந்த வழியைச் சொல்லும் வயா வரியில் இருக்கும் அடையாளக் குறி) எழுத்துக்கு எழுத்து ஒன்றே! ஆனால் டிரான்சாக்‌ஷன் இரண்டு. 200 கேன்சலுக்கு, 487 இன்வைட்டுக்கு. பிரித்துக் காட்டியது சி-சீக் என்ற வரிசை எண் வரியில் இருந்த மெத்தட் (கோரிக்கை வகை) பெயர். "எதுக்குடா போன் போட்டுப் போட்டு வைக்கிற?" என்று அடுக்களையிலிருந்து அம்மா.

பரீட்சையில் எழுத வேண்டியது:
- பதில் வந்தால்: மேல் வயாவின் பிராஞ்ச், சி-சீக் மெத்தட்.
- கோரிக்கை வந்தால்: பிராஞ்ச், சென்ட்-பை (வயாவில் இருக்கும், அனுப்பியவரின் முகவரி), மெத்தட். ஏசிகே மட்டும் இன்வைட்டோடு சேரும். சென்ட்-பை எதற்கு? இரண்டு கிளையன்ட் ஒரே பிராஞ்ச்சைப் போட்டுவிட்டால் பிரிக்க.
- 200 வகைப் பதிலுக்குப் போகும் ஏசிகேவுக்குப் புது பிராஞ்ச். இதை மறந்தால் மார்க் போச்சு.
- பிராஞ்ச் 'இசட்9எச்ஜி4பிகே' என்று தொடங்காவிட்டால் பழைய ஆர்எஃப்சி 2543 முறைப்படி ஒப்பிட வேண்டும்.
- டைமர்: டி1 (செய்தி போய்வர ஆகும் நேரத்தின் மதிப்பீடு) 500 மில்லிசெகண்ட், அதன் 64 மடங்கு 32 செகண்ட். அதற்கு மேல் நான் படிக்கவில்லை.

இந்தத் தடவை நடுவில் ப்ராக்ஸியை (செய்தியை வாங்கி அடுத்த இடத்துக்கு அனுப்பும் சர்வர்) வைத்துக் கேட்டார்கள். ப்ராக்ஸி தன் வயாவை மேலே ஒட்டும்போது புது பிராஞ்ச் போடும், அதனால் ஒவ்வொரு ஹாப்பும் (ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்குப் போகும் தாவல்) தனி டிரான்சாக்‌ஷன். படம் வரைந்து இரு பக்கமும் வேறு வேறு பிராஞ்ச் எழுதினேன். இருபது நிமிடம் மிச்சம் இருந்தது. டைமர் கேள்வியை அப்போதும் தொடவில்லை.