பழகிய மீனுக்குப் புதுப் பெயர்

"புதிய கெளுத்தி இனம் கண்டுபிடிப்பு" என்ற செய்தி கண்ணில் படும்போதெல்லாம், படத்தில் இருக்கும் மீன் என் தொட்டியின் மணலைக் கிளறிக்கொண்டிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. தென் அமெரிக்க ஆறுகளில் வாழும் விரல் நீளக் கெளுத்திகளில் பல, மீன் வளர்ப்போரின் தொட்டிக்கு முதலில் வந்து சேர்கின்றன. அறிவியல் பெயரோ பத்து, இருபது ஆண்டுகள் கழித்தே வருகிறது. நாம் தீனி போட்டு, முட்டை எடுத்து, குஞ்சு வளர்த்துப் பழகிய மீனை, அதன் பிறகுதான் ஆய்வாளர்கள் "புதிய இனம்" என்று அறிவிக்கிறார்கள்.

இந்த இடைவெளியை நிரப்புவதற்காகத்தான் எண்கள் வந்தன. 1988-இல் டாட்ஸ் என்ற ஜெர்மானிய மீன் வளர்ப்பு இதழ், பெயரிடப்படாத கவச உறிஞ்சுவாய்க் கெளுத்திகளின் படத்தை எல்-1, எல்-2 என்று எண்ணிட்டு வெளியிடத் தொடங்கியது. பிறகு, மணலைத் துழாவி இரை தேடும் சிறு கெளுத்திகளான கோரிடோராஸ் கூட்டத்துக்கு சி-எண்களும், 2006 முதல் சிடபிள்யூ-எண்களும் வந்தன. எண் என்பது இனம் அல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரே இனத்தின் இரண்டு வண்ண வேறுபாடுகள் இரண்டு எண்களைப் பெற்றதும் உண்டு. எல்-66, எல்-333 என்று தனித்தனியாக விற்கப்பட்ட மீன்கள் இன்று ஹிபான்சிஸ்ட்ரஸ் சைடெலி என்ற ஒரே பெயரின் கீழ் வந்துவிட்டன. எல்-134 என்ற புள்ளிப்பட்டை மீனுக்கு 2010-இல்தான் பெக்கோல்டியா காம்ப்டா என்ற பெயர் கிடைத்தது. ஆனாலும் வளர்ப்போர் வாயில் அது இன்றும் எல்-134 தான். பெயரில்லாத மீனுக்கு ஒரு தனிக் கவர்ச்சி இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எண்ணைச் சொல்லிக் கேட்கும்போது ஏதோ இரகசியத்தில் நமக்கும் பங்கு கிடைத்தது போன்ற ஒரு சின்னக் கர்வம் வருகிறது.

என் சொந்த அனுபவம் ஆர்க்குவாட்டஸ் என்ற பெயரோடு தொடர்புடையது. வாயோரத்தில் தொடங்கி, கண்ணைக் கடந்து, முதுகு வளைவைப் பின்பற்றி வால் வரை ஓடும் ஒற்றைக் கறுப்புப் பட்டை கொண்ட கோரிடோராஸ் அது. அந்தப் பெயரில் ஏழு மீன்கள் வாங்கினேன். பையிலிருந்து தொட்டிக்கு மாற்றிய அன்று ஏழும் ஒன்றாகவே தெரிந்தன. நான்காம் நாள், தீனி போட்ட பிறகு கண்ணாடியோடு கண் வைத்துப் பார்த்தபோது, ஒன்றின் முகம் மட்டும் நீண்டு இறங்கியிருந்தது. மற்ற ஆறும் மணலை மேலாகத் துழாவ, இது கண் வரை முகத்தைப் புதைத்து எடுத்தது. பட்டை, நிறம், அளவு எல்லாம் அச்சு அசலாக ஒன்றே. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன், அது தவறு.

ஏமாற்று வேலை ஆற்றிலேயே நடக்கிறது. கோரிடோராஸ் மீன்களின் மார்புத் துடுப்பிலும் முதுகுத் துடுப்பிலும் விறைத்துப் பூட்டிக்கொள்ளும் முள் உண்டு. உடலை இரண்டு வரிசை எலும்புத் தகடுகள் மூடியிருக்கின்றன. இப்படி விழுங்கக் கடினமான பல இனங்கள் ஒரே ஆற்றில் ஒரே உடை அணிந்துகொண்டால், ஒன்றைக் கடித்து வருந்திய பெரிய மீன் மற்றவற்றையும் தொடாது. ஒரே வண்ணத்தில் கூட்டாகத் திரியும் இனங்கள் பெரும்பாலும் முக நீளத்திலும் உணவிலும் வேறுபடுவதால், தமக்குள் போட்டியின்றி ஒத்துப்போகின்றன என்று 2011-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. ரியோ நீக்ரோ ஆற்றின் மேல்பகுதியில் வாழும் அடோல்ஃபோய் என்ற குட்டை முக மீனுக்கு, அதே ஆரஞ்சுத் திட்டும் அதே கறுப்புப் பட்டையும் கொண்ட நீள் முகத் தோழன் ஒன்று உண்டு. அதற்கு இமிடேட்டர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வலை வீசுபவர் கூட்டத்தை அப்படியே அள்ளுகிறார். பையில் ஒன்றிரண்டு கலந்து வருவது இயல்பு.

ஆர்க்குவாட்டஸ் கதை இதோடு முடியவில்லை. அந்தப் பெயர் 1938-இல் வைக்கப்பட்டது. 2019-இல், பெயர் வைத்தபோது அடிப்படையாகக் கொண்ட மூல மாதிரியை மறுபடி எடுத்து ஆராய்ந்தபோது, எண்பது ஆண்டுகளாக அந்தப் பெயரில் உலகெங்கும் விற்கப்பட்டு வந்த குட்டை முக மீன் உண்மையான ஆர்க்குவாட்டஸே அல்ல என்று தெரியவந்தது. அதற்கு கிரான்டி என்ற புதுப் பெயர் தரப்பட்டது. தாத்தா காலத்திலிருந்து தொட்டியில் இருந்த மீன் ஒரே நாளில் புது இனமாயிற்று. 2024-இல் இன்னொரு பெரிய மாற்றம் வந்தது: மரபணுவையும் உடலமைப்பையும் சேர்த்துப் பார்த்து இந்தக் குடும்பக் கிளையை ஏழு பேரினங்களாக, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதிகளாக, பிரித்துவிட்டார்கள். நீள் முகத்தவருக்கு மட்டுமே கோரிடோராஸ் என்ற பெயர் மிஞ்சியது. பாண்டா, ஸ்டெர்பாய் என்ற இனங்கள் ஹோப்லிசோமா ஆயின, வெண்கல நிற ஏனியஸ் ஆஸ்டியோகாஸ்டர் ஆயிற்று, மூன்று சென்டிமீட்டரைத் தாண்டாத பிக்மேயஸ் காஸ்ட்ரோடெர்மஸ் ஆயிற்று. பலர் இதைக் கேட்டுச் சலித்துக்கொண்டார்கள். என் தொட்டியில் அந்த ஒன்று மட்டும் ஏன் முகத்தைப் புதைக்கிறது என்பதற்கு இந்தப் பிரிவு விடை சொன்னதால் எனக்குச் சலிப்பு வரவில்லை.

இவ்வளவு பெயர்க் குழப்பத்தையும் பொறுத்துக்கொண்டு ஏன் இவற்றை வளர்க்கிறோம் என்றால், பார்க்கத் திகட்டாத மீன்கள் இவை. மணலை வாயில் அள்ளிச் சலித்து, செவுள் வழியாக மெல்லிய புகை போல வெளியே விடும். கருவிழியைக் கீழ்நோக்கி உருட்டும்போது நம்மைப் பார்த்துக் கண்ணடிப்பது போலவே இருக்கும். திடீரென்று ஒன்று அம்பு போல மேலே பாய்ந்து, ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுத் தரைக்குத் திரும்பும். அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் குடல் உறிஞ்சிக்கொள்கிறது. இதனால்தான் தண்ணீருக்கும் மூடிக்கும் இடையே இரண்டு விரல் இடமாவது விட வேண்டும். கூர்மையான கல்லோ அழுகிய கழிவோ அடியில் இருந்தால் மீசை தேய்ந்துவிடும். ஆகவே மென்மணல் கட்டாயம். தனியாக வளர்ப்பது கொடுமை. ஆறுக்குக் குறைந்தால் இலைக்கு அடியில் ஒளிந்தே காலம் கழிக்கும்.

சற்றுக் குளிர்ந்த நீரை மாற்றி ஊற்றினால் மழை வந்துவிட்டதென்று நம்பி முட்டையிடத் தொடங்குவதும் உண்டு. பெண் மீன் ஆணின் இனப்பெருக்கத் துளையில் வாயைப் பொருத்தி, இரண்டும் ஆங்கில டி எழுத்துப் போல நிற்கும். ஏனியஸ் மீனை ஆராய்ந்தவர்கள், பெண் விந்தை விழுங்குவதையும், அது குடல் வழியே விரைந்து கடந்து, வயிற்றுத் துடுப்பைக் கை குவிப்பது போல் குவித்துப் பிடித்திருக்கும் முட்டைகளின் மேல் வந்து சேர்வதையும் 1995-இல் காட்டினார்கள். பிறகு அந்த முட்டைகளைக் கண்ணாடியில் ஒட்ட இடம் தேடிப் பெண் மீன் அலைவதைப் பார்த்திருக்கிறேன்; துடைத்து வைத்த இடத்தை அது இரண்டாம் முறையாக வாயால் துடைத்துவிட்டுத்தான் ஒட்டும்.

புதுமை மோகத்துக்கு ஒரு கசப்பான பக்கமும் இருக்கிறது. பிரேசிலின் ஷிங்கு ஆற்றின் பெரிய வளைவில் மட்டும் வாழும் எல்-46, கறுப்பு வெள்ளை வரிகள் கொண்டது. 1991-இல் ஹிபான்சிஸ்ட்ரஸ் ஜீப்ரா என்று பெயர் பெற்றது. வரிக்கு மயங்கி அள்ளிய அள்ளலில் 2004-இல் அதைப் பிடிக்கத் தடை வந்தது. பிறகும் கடத்தல் நிற்கவில்லை. பெலோ மான்டே அணை அந்த வளைவின் நீரில் பெரும்பகுதியைத் திசைதிருப்பிவிட்டது. அருகிவரும் உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையும் 2022-இல் அதன் மீதான கட்டுப்பாட்டை இறுக்கியது. ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து முட்டை மட்டுமே இடும் இந்த மீன், பொறுமையுள்ள வளர்ப்போரின் தொட்டிகளில் இப்போது பெருகி வருவதுதான் ஓர் ஆறுதல். வாங்குவதானால் தொட்டியில் பிறந்ததையே வாங்குங்கள். உறவினமான ஹிபான்சிஸ்ட்ரஸ்களை ஒரே தொட்டியில் விட்டால் கலப்புக் குஞ்சுகள் பிறக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

எந்த ஆற்றில் பிடித்தது என்ற குறிப்பு இல்லாத மீனுக்குப் பெயர் உறுதியாகாது. என் தொட்டியின் மூலையில் ஒட்டியிருந்த "ஆர்க்குவாட்டஸ் – 7" என்ற சீட்டை எடுத்துவிட்டு, "கிரான்டி – 6, நீள் முகம் – 1" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அந்த ஒன்று இப்போதும் மற்ற ஆறோடு தோளோடு தோளாகத்தான் படுத்திருக்கிறது.