நியூஸ்குரூப் திறக்க நாற்பது விநாடி

தண்டர்பேர்ட் என்கிற மின்னஞ்சல் மென்பொருளில் அஞ்சல் உடனே வந்துவிடும். அதிலேயே நியூஸ்குரூப் (தலைப்புவாரியாகப் பலரும் பதிவு போட்டுப் பேசும் இணையக் குழுக்கள்) பக்கம் போனால் மட்டும் நாற்பது விநாடி பேச்சுமூச்சு இருக்காது. அப்புறம் ஓடும். பத்து நிமிடத்தில் மறுபடி நிற்கும். இரண்டு வாரம் இதோடு மல்லுக்கட்டினேன்.

ஆன்டிவைரஸை நிறுத்திப் பார்த்தேன், பலனில்லை. அந்தப் பதிவுகளை வைத்திருக்கும் சர்வரை நடத்துகிறவர்களுக்கு எழுதினேன். மூன்று நாள் கழித்து ஒரு வரி பதில்: கணக்கை நீக்கிவிட்டுத் திரும்பச் சேருங்கள். யோசிக்காமல் செய்தேன். எதைப் படித்தேன் என்ற குறிப்பு மொத்தமும் போயிற்று. அது சர்வரில் இருக்காது. நம் கணினியிலேயே நியூஸ்ஆர்சி என்கிற சின்னக் கோப்பில், குழுவின் பெயருக்கு எதிரே 1-45210 (முதல் பதிவிலிருந்து 45210 வரை படித்தாயிற்று) என்பது போல எழுதியிருக்கும். கணக்கில் கை வைக்கும் முன் அதை நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு சர்வருக்கு மாறினால் அந்த நகலும் உதவாது, ஒவ்வொரு சர்வரும் பதிவுகளுக்குத் தன் போக்கில் எண் போடும்.

வேடிக்கை என்னவென்றால், புதுக் கணக்கில் நாலைந்து குழு இருந்தவரை பறந்தது. சரியாகிவிட்டது என்று குஷியில், பழைய பட்டியலைத் தேடி எடுத்து 160 குழுவையும் திரும்பச் சேர்த்தேன். மறுபடி நாற்பது விநாடி. அப்போதாவது புரிந்திருக்க வேண்டாமா?

கடைசியில் டெல்நெட் (கட்டளைகளைக் கையால் அடித்து அனுப்பும் நிரல்) வழியாக, நியூஸ்குரூப்புக்கான வாசலான 119ஆம் போர்ட்டில் நேரே சர்வரோடு பேசினேன். 200 என்று வரவேற்றது, அதாவது படிக்கவும் எழுதவும் அனுமதி (201 வந்தால் படிக்க மட்டும்தான்). குரூப் என்று அடித்து ஒரு குழுவின் பெயரைக் கொடுத்தால் 211 (குழு கிடைத்தது என்று பொருள்), பின்னாலேயே பதிவு எண்ணிக்கை, முதல் எண், கடைசி எண். கால் விநாடிதான் ஆனது. சர்வர் மேல் பழியில்லை என்று மூட நினைத்தபோதுதான் உறைத்தது. புதுப் பதிவு உண்டா என்று பார்க்க, மென்பொருள் ஒவ்வொரு குழுவுக்கும் இதே கேள்வியைக் கேட்டு, பதில் வரும்வரை நிற்கிறது. கால் விநாடி, 160 தடவை. இணைய வேகத்தைக் கூட்டினாலும் போய்வரும் அந்த நேரம் குறையாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சரிபார்க்கச் சொன்னதும் நான்தான்.

தானாகச் சரிபார்ப்பதை நிறுத்தினேன். மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காத குழுக்களை விலக்கினேன், மிஞ்சியது பன்னிரண்டு. இப்போது மூன்று விநாடி. படித்த குறிப்புதான் போனது போனதுதான். எல்லாப் பதிவும் படிக்காததாகவே தடித்த எழுத்தில் நிற்கிறது.