உவரியில் ஒரு அசனம்

பேரனுக்கு நாலு வயதாகியும் பேச்சு வரவில்லை என்று திருநெல்வேலிக் கடற்கரையில் இருக்கிற உவரி அந்தோணியார் கோயிலுக்கு அம்மா நேர்ந்துகொண்டது இது. "கோடி அற்புதரே, பிள்ள பேசட்டும், உவரியில வந்து அசனம் கொடுக்கேன்." பேசிவிட்டான். இப்போது அவன் வாயை மூடுவதுதான் பெரும்பாடு.

லீவு கேட்டபோது சென்னை நண்பர்கள், "ஆசனமா? யோகா வகுப்பா?" என்றார்கள். நெடில் இல்லை ஐயா, குறில். வடமொழியில் அசனம் என்றால் வெறுமனே உணவுதான், ஆனால் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் வீட்டில் தின்கிற சோற்றை யாரும் அப்படிச் சொல்ல மாட்டோம். கோயிலில் பொதுவாகச் சமைத்து, சாமியார், அதாவது பாதிரியார், ஜெபம் சொல்லி மந்திரித்து, வந்தவர் எல்லோருக்கும் இலை போட்டால்தான் அசனம். கல்யாணத்தில் ஆயிரம் பேர் சாப்பிட்டாலும் அது விருந்துதான், பத்திரிகை வைத்தல்லவா கூப்பிடுகிறோம். சிஎஸ்ஐ எனும் தென்னிந்தியத் திருச்சபையின் சபைகளில் அசனப் பண்டிகை என்றே ஒரு நாள் உண்டு.

செவ்வாய்க்கிழமை வேண்டாம், கூட்டம் தாங்காது என்றேன். அந்தோணியாரை அடக்கம் செய்த கிழமையை விடுவாளா அம்மா? வண்டியை நிறுத்துவதற்குள் "ரூம் வேணுமா சார்" என்று நாலு பேர் கதவைப் பிடித்துக்கொண்டார்கள். அண்டா வாடகைக்கு எடுக்கும்போது ஒரு ரேட், திருப்பிக் கொடுக்கும்போது ஒரு ரேட். சரி, புண்ணியத்துக்கு வந்த இடத்தில் சண்டை எதற்கு.

அந்தோணியார் சுரூபத்துக்கு, அதுதான் சிலைக்கு, முன்னால் நிற்க அரை நிமிஷம்கூட விடவில்லை. பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், மெழுகு உருகி அம்மா விரலில் சொட்டுகிறது, அவள் கையை எடுக்கவே இல்லை. ஜெபம் சொல்வாள் என்று பார்த்தால் பையனை முன்னால் இழுத்து, "நீயே சொல்லு" என்றாள். அவன் அண்ணாந்து பார்த்து, "தேங்க்ஸ் அந்தோணியாரே, பாப்பாவைக் கீழ போட்டுராதீங்க" என்றான். கையில் குழந்தை ஏசுவை வைத்திருக்கிறாரே, அதைச் சொல்கிறான். எனக்கு அப்புறம் எதுவும் தெரியவில்லை, கண்ணெல்லாம் தண்ணீர். நாலு வருஷம் 'அப்பா' என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தவனுக்குத்தான் தெரியும்.

சோறு, கத்தரிக்காய் போட்ட ஆட்டுக்கறிக் குழம்பு, ரசம். நெற்றி நிறையத் திருநீறோடு ஒரு தாத்தா மூன்று தடவை குழம்பு கேட்டு வாங்கினார், எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! எங்கள் பந்தி வரும்போது கறி தீர்ந்து கத்தரிக்காய்தான் மிச்சம். அம்மா இலையை வழித்து வழித்துச் சாப்பிட்டாள்.

தங்கை கல்யாணத்துக்கும் நேர்ந்தாயிற்றாம். வண்டி கிளம்பிய பிறகுதான் சொல்கிறாள்.